காரம் இல்லாமல் சோப்பு இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, ஒரு பத்து நிமிடம் பொறுத்துப் படியுங்கள். படிக்காமலே கும்பிடும் படத்தைப் போட்டுவிட்டு நகர்கிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் நம் குடும்பக் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. "காஸ்டிக் சோடா இல்லாத, கெமிக்கல் இல்லாத, நூறு சதவீத இயற்கைச் சோப்பு." அனுப்பியது என் அண்ணன் மருமகள். கீழே பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள். "காரம் இல்லாமல் சோப்பே கிடையாதம்மா" என்று நான் ஒரு வரி போட்டேன். "பெரியம்மா, நீங்க அந்தக் காலத்து ஆளு. இப்ப எல்லாமே ஆர்கானிக்" என்று பதில் வந்தது. அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன். இன்றைக்குப் பேசப் போகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். அதில் பாதிக் கோபம் என் மேலேயே.

ஏன் என்று சொல்கிறேன்.

அந்த விளம்பரம் வந்த அதே வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பெயர் சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்ச்சில் உட்கார்ந்த பிள்ளை. இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். ஏதோ ஒரு வீடியோ பார்த்து வீட்டில் சோப்பு செய்திருக்கிறாள். "இயற்கை சோப்பு, கெமிக்கலே இல்லை" என்று தொடங்கிய வீடியோ. நடுவில் ஒரு வெள்ளைச் செதிலைத் தண்ணீரில் போடச் சொல்லியிருக்கிறார்கள். அது என்ன, எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை கிடையாது. வெறும் கையால் கலக்கியபோது புறங்கையில் தெறித்திருக்கிறது. முதலில் எரியவில்லையாம், வழவழவென்று இருந்ததாம். சோப்புத் தண்ணீர்தானே என்று துணியில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறாள். சற்று நேரத்தில் எரிச்சல் தாங்கவில்லை. உடனே என்ன செய்தாள் தெரியுமா? எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கையில் பிழிந்திருக்கிறாள்.

"ஏம்மா அப்படிச் செஞ்சே?" என்று கேட்டேன்.

"நீங்கதானே டீச்சர் சொல்லிக்கொடுத்தீங்க. காரத்துக்கு அமிலம், நடுநிலையாக்கல்னு."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும். தேனீ கொட்டினால் சுண்ணாம்பு, குளவி கொட்டினால் வினிகர். எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பேன்! நீங்களும் நோட்டில் எழுதி, தேர்வில் எழுதி, மதிப்பெண் வாங்கினீர்கள். ஆனால் அமிலமும் காரமும் சேரும்போது சூடு பிறக்கும் என்பதையும், வெந்த தோலின் மேல் அந்தச் சோதனை கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னேனா? நினைவில்லை. காரம் பட்டால் முதல் மருந்தும் இரண்டாம் மருந்தும் ஓடும் தண்ணீர்தான் என்று சொன்னேனா? அதுவும் நினைவில்லை. அவள் எலுமிச்சம்பழம் தேடிய நேரத்தில் காரம் தோலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது.

அன்றுதான் முடிவு செய்தேன், சோப்பை என் கையால் செய்து பார்த்துவிட்டுத்தான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று. சோப்பாதல் வினையைப் பாடமாக நடத்தியவள், இந்த வயது வரை ஒரு கட்டி சோப்பு செய்ததில்லை. வெட்கமாக இருந்தது.

முதலில் இந்த "கெமிக்கல் இல்லாத" கதையை முடித்துவிடுகிறேன்.

சோப்பு என்பது என்ன? எண்ணெயோ கொழுப்போ ஒரு காரத்தோடு வினைபுரிந்தால் கிடைப்பது. எண்ணெய் உடைந்து, அதன் கொழுப்பு அமிலங்கள் காரத்திலுள்ள சோடியத்தோடு சேர்ந்து சோப்பாகின்றன. கூடவே கிளிசரின் பிரிகிறது. கட்டி சோப்புக்கு வீட்டில் பயன்படுவது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது எரிசோடா, கடையில் கேட்டால் காஸ்டிக் சோடா. திரவச் சோப்புக்குக் காஸ்டிக் பொட்டாஷ், இதன் தம்பி. ஊர் ஊராக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சாம்பல் நீரையும் கொழுப்பையும் காய்ச்சிச் சோப்பு செய்தவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. மிஷேல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கொழுப்புகளை ஆராய்ந்து 1823-ல் வெளியிட்ட நூலில்தான் அது தெளிவானது. அவர்களுக்குப் பெயர் தெரியாது, ஆனால் சாம்பலில் இருந்தது காரம்தான்.

நம் பழைய சொல்லையே பாருங்கள். இலங்கைத் தமிழர்கள் இன்றும் சோப்பைச் சவர்க்காரம் என்கிறார்கள். நம் பாட்டிமார் சவுக்காரம் என்றார்கள். பெயரிலேயே காரம் இருக்கிறது! அதை ஒளிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இன்னும் சந்தேகமா? வெள்ளைச் சட்டையில் சாம்பார் கறை பட்டால் சோப்பு போடுகிறீர்களே, அந்த மஞ்சள் கறை சட்டென்று சிவப்பாகிறதே, ஏன்? மஞ்சள் காரத்தைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் இயற்கைச் சோப்பையும் அந்தக் கறையில் தேய்த்துப் பாருங்கள், சிவக்கும்.

சரி, "நாங்கள் காஸ்டிக் சோடாவே தொடவில்லை, சோப் பேஸ் வாங்கி உருக்கி ஊற்றுகிறோம்" என்கிறார்கள். உண்மைதான், அவர்கள் தொடவில்லை. பேஸ் செய்த தொழிற்சாலை தொட்டிருக்கிறது. கடையில் இட்லி மாவு வாங்கி ஊற்றிவிட்டு, "என் இட்லியில் உளுந்தே கிடையாது" என்று சொன்னால் சிரிக்க மாட்டீர்களா? அட்டையில் பொடி எழுத்தில் "சோடியம் கோகோயேட்" என்று இருக்கும். தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. இன்னும் நாசூக்காக "சேப்போனிஃபைடு கோகனட் ஆயில்" என்று போடுவார்கள். அதே பிள்ளைதான், சட்டை மட்டும் வேறு.

காரமே கூடாது என்பவர்களுக்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. சிகைக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை, பயத்தமாவு. தாராளமாகத் தேய்த்துக் குளியுங்கள், நானும் குளிக்கிறேன். ஆனால் அவற்றைச் சோப்பு என்று சொல்லாதீர்கள். சோப்பு வேண்டும், காரம் வேண்டாம் என்றால், சுண்ணாம்பு சேர்க்காத வெற்றிலை நாக்கைச் சிவக்கவைக்க வேண்டும் என்று கேட்பது போல.

வெற்றிலை என்றதும் நினைவு வருகிறது. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாராவது "சுண்ணாம்பு ஒரு கெமிக்கல்" என்று அலறினார்களா? விரல் நுனியில் அளவாகத் தொட்டுத் தடவினார்கள். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றும்போது தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், குழந்தைகளைப் பக்கத்தில் விட மாட்டார்கள். அப்பளக்காரம் இல்லாமல் அப்பளம் பொரியுமா? காரத்தோடு பழகிய சனம்தான் நாம். பெயரைச் சொல்லி, அளவறிந்து, மரியாதையோடு பழகினோம். இப்போது பெயரைச் சொல்லவே பயப்படுகிறோம். பெயர் தெரியாமல் கையை விடுகிறோம். இந்த இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம்.

இனி நான் செய்த கதை.

தேங்காய் எண்ணெய் 350 கிராம், நல்லெண்ணெய் 100 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். மூன்றும் மளிகைக் கடையில் கிடைப்பவை. காஸ்டிக் சோடா 79 கிராம், தண்ணீர் 190 கிராம். தண்ணீரையும் எடை போட்டுத்தான் எடுத்தேன்.

79 எங்கிருந்து வந்தது? வீடியோக்கள் உங்களை ஏமாற்றுவது இங்கேதான், அதனால் கவனமாகப் படியுங்கள். ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு சோப்பாதல் எண் உண்டு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு 134 போதும். விளக்கெண்ணெய்க்கு 128. கணக்குப் போட்டால் என் எண்ணெய்க்கு 84 கிராம் வருகிறது. அதில் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேலே குறைத்து 79 போட்டேன். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சினால் தோலுக்கு நல்லது. காரம் மிஞ்சக் கூடாது.

"ஒரு கப் எண்ணெய், இரண்டு ஸ்பூன் காஸ்டிக்" என்று சொல்லும் வீடியோவை மூடிவிடுங்கள். "எந்த எண்ணெய் இருந்தாலும் பரவாயில்லை" என்று சொன்னால் இன்னும் வேகமாக மூடுங்கள். அரை கிலோ தேங்காய் எண்ணெய்க்கு வேண்டிய காரத்தை அரை கிலோ நல்லெண்ணெயில் கொட்டினால் 24 கிராம் காஸ்டிக் சோடா வினைபுரியாமல் சோப்புக்குள் உட்கார்ந்திருக்கும். அதைக் குழந்தையின் முதுகில் தேய்ப்பீர்கள். ஸ்பூன் கணக்கும் உதவாது. செதிலாக இருந்தால் ஒரு எடை, குருணையாக இருந்தால் ஒரு எடை. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாதவர்கள் சோப்பு செய்ய வேண்டாம். கண்டிப்பாகத்தான் சொல்கிறேன்.

கொல்லைப்புறத்தில், குழாயடிக்குப் பக்கத்தில் மேசை போட்டேன். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, பக்கமும் மூடிய கண்ணாடி. பேரனை அவன் தாத்தாவோடு கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டேன். கெட்டியான பிளாஸ்டிக் பாத்திரத்தில் தண்ணீரை முதலில் ஊற்றி, காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போட்டேன். இந்த வரிசையை மாற்றவே கூடாது. காஸ்டிக் சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் ஓரிடத்தில் சூடு பொங்கி முகத்தில் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் 80 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். ஆவி மூக்கைச் சுருக்கென்று பிடித்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கலக்குவதற்குக் கையில் கிடைத்த கரண்டியை எடுத்தேன். அது அலுமினியக் கரண்டி! விட்டதும் புஸ்ஸென்று நுரை, கரண்டி கறுத்துப்போனது. காரங்கள் பொதுவாக உலோகங்களோடு வினைபுரிவதில்லை, அலுமினியமும் துத்தநாகமும் விதிவிலக்கு. புத்தகத்தில் இருக்கும் வரி. வெளியே வந்தது ஹைட்ரஜன், தீப்பிடிக்கும் வாயு. எனக்கு அந்த வரி மனப்பாடம், ஆனாலும் கை அலுமினியத்தைத்தான் எடுத்தது. மனப்பாடம் கைக்கு இறங்கவில்லை. அப்படியே விலகி நின்று, நுரை அடங்கியதும் அந்தக் கரைசலை நிறையத் தண்ணீர் விட்டுக் கழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். எவர்சில்வர், கெட்டி பிளாஸ்டிக் இரண்டும் சரி. அலுமினியம், ஈயம் பூசிய பித்தளை, கண்ணாடி மூன்றும் வேண்டாம்.

கரைசல் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் (தொட்டுப் பார்க்காதீர்கள், பாத்திரத்தின் வெளிப்புறத்தைக் கையுறையோடு தொடுங்கள்), எண்ணெயையும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, எவர்சில்வர் வாளியில் எண்ணெயை விட்டு, அதில் கரைசலை மெல்ல ஊற்றினேன். பழைய மோர் மத்து ஒன்று இருந்தது. அதை இந்த வேலைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி மோர்ப் பக்கம் போகாது. முக்கால் மணி நேரம் கடைந்தேன். முதலில் எண்ணெய் தனி, தண்ணீர் தனி. பிறகு மோர் போல. பிறகு கூழ் போல. மத்திலிருந்து சொட்டவிட்டால் மேலே கோலம் போட்டது மாதிரி கோடு நிற்கும், அதுதான் பதம். பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் ஊற்றி, துண்டு போர்த்தி, எட்டாத இடத்தில் வைத்தேன். மறுநாள் கையுறையோடு வெளியே எடுத்து ஏழு துண்டு போட்டேன். தேங்காய் எண்ணெய் கூடுதலாக இருந்தால் சீக்கிரம் கல்லாகிவிடும், வெட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

அதோடு முடியவில்லை. காற்றாடும் இடத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் காய வேண்டும். வினை பெரும்பாலும் இரண்டு நாளில் முடிந்துவிடும்; மிச்ச நாள் தண்ணீர் வற்றிக் கட்டி இறுகுவதற்கு. என் சோப்பு இப்போது ஐந்தாவது வாரத்தில் இருக்கிறது. நேற்று ஒன்றை எடுத்துக் கை கழுவினேன். நுரை நன்றாக வருகிறது. வாசனை ஒன்றும் இல்லை. எனக்குப் பரம சந்தோஷம்.

இப்போது அந்தக் கட்டிக்குள் காஸ்டிக் சோடா எங்கே? இல்லை. முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து வேறு பொருளாகிவிட்டது. தண்ணீரில் போட்டால் தீப்பற்றும் சோடியம், மூச்சை அடைக்கும் குளோரின், இரண்டும் சேர்ந்துதானே தினமும் ரசத்தில் போடும் உப்பு? அதைப் போலத்தான். "காஸ்டிக் சோடா இல்லாத சோப்பு" என்று விற்பவர்கள் இந்தப் பொருளில் சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. "அது விஷம், நாங்கள் அதைச் சேர்ப்பதே இல்லை" என்கிறார்கள். ஒளித்துவைத்த பெயர்தான் என் மாணவியின் கையைச் சுட்டது.

"டீச்சர், நல்லது செய்ய வருகிற சின்னத் தொழிலை ஏன் கெடுக்கிறீர்கள்?" என்று சிலர் கேட்பீர்கள். வீட்டிலிருந்து நாலு காசு சம்பாதிக்கும் பெண்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் மாணவிகளில் பலர் அப்படி வாழ்கிறார்கள். ஆனால் பொய் சொல்லாமல் விற்கலாம். "தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் எடை போட்டுச் செய்தது, ஆறு வாரம் காயவைத்தது" என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்? படை, சொறி, சோரியாசிஸ் எல்லாம் தீரும் என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். சோப்பு அழுக்கை எடுக்கும். நோய்க்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். விற்பனைக்குச் செய்வதென்றால் அழகுசாதனப் பொருள்களுக்கான சட்டமும் உரிமமும் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடைச் சோப்பு விஷம், வீட்டுச் சோப்பு அமுதம் என்றும் நான் சொல்லமாட்டேன். தேங்காய் எண்ணெய் இன்று விற்கிற விலையில் இதில் பெரிய மிச்சமும் இல்லை. கிளிசரின் உள்ளேயே தங்குகிறது, என்ன போட்டோம் என்று நமக்குத் தெரிகிறது. அவ்வளவுதான் லாபம்.

கடைசியாக, இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

காஸ்டிக் சோடாவையோ அதன் கரைசலையோ குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. கரைசலை மிச்சம் வைக்கவே வேண்டாம். செதிலை வாங்கிய டப்பாவிலேயே இறுக மூடி, பெரிய எழுத்தில் பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கும் பொடியைச் சோப்புக்கு எடுக்காதீர்கள். அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும்.

தோலில் பட்டால் எலுமிச்சை வேண்டாம், வினிகர் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மாவு வேண்டாம். நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடமாவது காட்டுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு உடனே தண்ணீரால் கழுவத் தொடங்குங்கள். இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். போகும்போது சுட்டது திரும்பி வரும்போது இன்னொரு முறை சுடும். 108-ஐ அழையுங்கள்.

இந்தப் பத்தியை அன்றைக்கே கரும்பலகையில் எழுதியிருக்க வேண்டும். ஆய்வக அலமாரியில் காஸ்டிக் சோடா பாட்டில் இருந்தது. பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று பூட்டியே வைத்திருந்தோம். ஒரு தடவையாவது திறந்து, உங்கள் கண் முன்னால் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டு, பாத்திரம் சுடுவதைக் காட்டியிருந்தால், அந்தப் பிள்ளை வெறும் கையை அதில் விட்டிருக்க மாட்டாள். சமன்பாட்டை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்தப் பாக்கியைத்தான் இன்று அடைக்கிறேன்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். பூட்டிய அலமாரியைத் திறங்கள். கையுறை போட்டு, நீங்களே செய்து, பிள்ளைகளைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணன் மருமகளே, உன் மேல் கோபம் இல்லையம்மா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்து செய்வோம். தராசும் கண்ணாடியும் நான் தருகிறேன். அலுமினியக் கரண்டியை மட்டும் உன் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அன்புடன்,
உங்கள் டீச்சர்